அடித்தல் திருத்தல் இல்லாமல்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மூன்றாம் வகுப்பில் நான் பாடப்புத்தகத்தைத் திறப்பதில்லை. ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வீட்டில் நடந்தது, தெருவில் பார்த்தது, எதுவானாலும் சரி. சொன்னதை அவரவரே நோட்டில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் பக்கத்துப் பிள்ளையோடு நோட்டை மாற்றிக்கொண்டு, அதில் இருப்பதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்க முடியாமல் முழித்தால் எழுதிய பிள்ளையே வாசித்துக் காட்டும். பிறகு இரண்டும் தலையோடு தலை முட்டி எழுத்தைச் சரிசெய்யும். அடிக்கலாம், அழிக்கலாம், மேலே ஏற்றி எழுதலாம். நோட்டைப் பார்த்தால் கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஆனால் தான் எழுதியது என்னவென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

இதை நான் ஏதோ ஞானம் வந்து செய்கிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பதினோரு வருஷத்துக்கு முன்பு ஆர்டர் போட்டுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வாசிப்பையும் எழுத்தையும் பிரிக்காதே, இரண்டையும் ஒன்றாகக் கொடு என்று பத்து நாள் சொன்னார்கள். முனகிக்கொண்டே போய், முனகிக்கொண்டே திரும்பி வந்தேன். அதற்கு முந்திய பதினேழு வருஷமும் நான் செய்தது வேறு. கரும்பலகையில் எழுதிப் போடுவேன், பிள்ளைகள் பார்த்து எழுதும். முதலில் கை பழகட்டும், வாசிப்பு தானாக வரும் என்பது எங்கள் சட்டம். நானே எங்காவது தப்பாக எழுதி அடித்துவிட்டால், "போர்டுல இருக்கிற கோட்ட யாரும் நோட்டுல போடக் கூடாது, நோட்டு சுத்தமா இருக்கணும்" என்பேன். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டுக்குச் சிவப்பு மையில் ஒரு ஸ்டார். அந்த ஸ்டாருக்காகப் பிள்ளைகள் உயிரை விடும்.

அப்படி என்னிடம் ஸ்டார் வாங்கிக் குவித்தவள் மிளகின் அம்மா. மிளகு இப்போது என் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. ஆள் சிறிசு, காரம் பெரிசு, அதனால் அந்தப் பெயர். அவள் அம்மாவுக்கு அவளுடைய எட்டாவது வயசிலேயே முத்தெழுத்து என்று பெயர் வைத்தவள் நான்தான். இன்ஸ்பெக்டர் வந்தால் அவள் நோட்டைத்தான் முதலில் நீட்டுவேன். அச்சில் அடித்தது மாதிரி இருக்கிறதே என்று அவர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள். இதை வாசி பார்க்கலாம் என்று ஒருவராவது கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எட்டாம் வகுப்புவரை அந்தக் கையெழுத்தே அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அதே கையெழுத்து அவளுக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கோடவுன் இருக்கிறது. சோப்பு நீர், தரை துடைக்கிற எண்ணெய், கக்கூஸ் கழுவுகிற ஆசிட் எல்லாம் பெரிய பீப்பாய்களில் வந்து இறங்கும். அங்கே கேன்களில் பிரித்து ஊற்றிக் கடைகளுக்கு அனுப்புவார்கள். காலையில் சூப்பர்வைசர் பீப்பாய்க்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுப்பார். முத்தெழுத்து அதைப் பார்த்து, கறுப்புப் பெயிண்டில் மெல்லிய பிரஷ்ஷைத் தோய்த்து, கேன்களில் எழுதுவாள். ஒரு நாளைக்கு முந்நூறு கேன். வழக்கமாக வருகிற பத்துப் பன்னிரண்டு பெயர்களை, தெரிந்தவர் முகத்தைப் பார்ப்பது போல, பார்த்தவுடன் கண்டுகொள்வாள். ஏழு வருஷத்தில் ஒரு புகார் கிடையாது.

அவள் புருஷன் அங்கேயே லாரிக்குச் சுமை ஏற்றுகிறவன். அவனுடைய அக்காவுக்கும் அங்கேதான் வேலை, திரும்பி வருகிற பழைய கேன்களைக் கழுவுவது. தாய் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அந்த அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இரண்டு அறை வீட்டில் நாலு பேரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். நாத்தனாரை அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டு முத்தெழுத்து அவளோடு ஒரே குடையில் வேலைக்குப் போவதைப் பார்த்துத் தெருவே கண் வைத்திருக்கும்.

விபத்து நடந்தது மழை பிடித்த வாரத்தில். கேன் கழுவுகிற தொட்டிக்குச் சோப்பு நீர் தீர்ந்துபோய், அக்காக்காரி அடுக்கிலிருந்து புதுக் கேன் ஒன்றை எடுத்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். மேல் வரியைக் கூட்டிப் பார்த்தாள், சோப்பு நீர் என்றிருந்தது. கீழே இன்னொரு வரி இருந்ததை அவள் பொருட்படுத்தவில்லை. தொட்டியில் கவிழ்த்துவிட்டு இரண்டு கையையும் முழங்கைவரை உள்ளே விட்டாள். நெடி வந்திருக்காதா என்று கேட்பீர்கள். அந்தக் கோடவுனில் வேலை பார்க்கிறவர்களுக்கு மூக்கு செத்து வெகுகாலம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் வலது கையில் மூன்று விரல்களை எடுத்தார்கள். மீதியை மூட்டையாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சூப்பர்வைசர் தப்பாகச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். பீப்பாய் மாறி வந்தது, அதனால் சோப்பு நீர் என்று எழுதியதை அடித்துவிட்டுக் கீழே ஆசிட் என்று எழுதித்தான் கொடுத்தேன் என்று அவர் தலையில் அடித்துச் சொன்னார். சீட்டு எங்கே என்றார்கள். சீட்டைக் காணோம். வேலையிலிருந்து நிறுத்தினார்கள், போலீஸும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் உட்கார வைத்தது. அவர் வீட்டு ஜன்னலில் யாரோ கல்லெறிந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. எழுத்து இருக்கிற காகிதம் ஏதாவது ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள், வாசித்துப் பார்த்து எழுதலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். மருந்து டப்பா வந்தது, பஸ் டிக்கெட் வந்தது, கரண்டு பில் வந்தது. ஒருவன் காகிதம் கிடைக்கவில்லை என்று அப்பாவின் பனியனைக் கொண்டுவந்து கழுத்துப் பட்டியில் இருந்த கம்பெனிப் பெயரைக் காட்டினான். வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தபோது மிளகு எழுந்து ஒரு துண்டுச்சீட்டை நீட்டினாள்.

"வாசி" என்றேன்.

விரலை வைத்து, "சோப்பு நீர்" என்றாள். உடனே விரலை எடுத்தாள். "இல்ல டீச்சர், இத வாசிக்கக் கூடாது. கோடு போட்டு அடிச்சிருக்கு. கீழ இருக்கிறதுதான். ஆசிட்."

சீட்டைக் கையில் வாங்கினேன். "இது எங்கடி கெடச்சுது?"

"அம்மா டப்பாவுல. அம்மா எல்லாச் சீட்டையும் சேத்து வச்சிருக்கும். எனக்குப் பாத்து எழுதுறதுக்கு."

"எடுத்துட்டு வந்தது அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாதான் குடுத்துச்சு. டீச்சர்கிட்ட வாசிச்சுக் காட்டுன்னு சொல்லுச்சு."

பள்ளிக்கூடம் விட்டதும் குடையை விரித்துக்கொண்டு நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். முத்தெழுத்து தெருக்குழாயில் குடம் வைத்திருந்தாள். தண்ணீர் நூலாக விழுந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள், வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி.

"நேர்ல சொல்ல வாய் வரல டீச்சர். அதான் குடுத்து விட்டேன்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"போன வாரம். டப்பாவுல நூறு சீட்டு கெடக்கு, அவங்க தேடுனது அதுல ஒண்ணுன்னு எனக்குத் தோணவே இல்ல. பாப்பா டப்பாவ நோண்டி ஒண்ணொண்ணா வாசிச்சுட்டு இருந்தா. இதுக்கு வந்ததும், அம்மா இது தப்புன்னு அடிச்சிருக்காங்கம்மான்னா. எனக்கு அங்கயே கையும் ஓடல காலும் ஓடல."

"ஏம்மா, அந்தக் கோட்ட நீ பாக்கவே இல்லயா?"

"பாத்தேன். பேனா இழுத்துக்கிச்சுன்னு நெனச்சேன். மேல சோப்பு நீர்னு இருந்தது எனக்குத் தெரிஞ்ச முகம். கீழ இருந்தது புதுசா எழுதுற மாதிரி இருந்துச்சு. கக்கூஸ் ஆசிட்டுன்னா எப்பவும் ரெண்டும் சேந்துதான் வரும், இது மொட்டையா இருந்துச்சா, ஏதோ சோப்புல ஒரு தினுசுன்னு நெனச்சுக்கிட்டேன். ரெண்டையும் எழுதிட்டு, கோட்ட மட்டும் விட்டுட்டேன். அழுக்கு எதுக்குன்னு." குடத்தை நேராக்கினாள். "நோட்டுல கோடு வரக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்கல்ல டீச்சர்."

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னாள். அவள் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அந்த அளவு வலித்திருக்காது. விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுவார்கள் என்பார்களே, நான் அந்த விளக்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்து வரிசையாகக் கிணற்றுப் பக்கம் அனுப்பியிருக்கிறேன். பதினேழு வருஷம், வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகள். அவர்களில் எத்தனை பேர் எங்கெங்கே எதைப் பார்த்து எதை எழுதிக்கொண்டிருக்கிறார்களோ.

"வாசிக்கத் தெரியாதுன்னு யாருக்காவது தெரியுமா?"

"அவருக்குக்கூட முழுசாத் தெரியாது. எட்டாவது பாஸ்னு சொல்லித்தான கல்யாணமே பண்ணுனாங்க. உள்ள வாங்க டீச்சர், அண்ணிக்குச் சாப்பாடு குடுக்கிற நேரம்."

உள்ளே அக்காக்காரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில் வெள்ளை மூட்டையாகக் கிடந்தன. அறையில் மருந்து வாடையும் நனைந்த துணி வாடையும் கலந்திருந்தது. முத்தெழுத்து தட்டில் சோற்றைப் பிசைந்து, முட்டையைப் பிய்த்து, கவளம் கவளமாக ஊட்டினாள். மூன்று வாரமாக வேளைக்கு வேளை இதுதான் நடக்கிறதாம்.

"நீங்களே கேளுங்க டீச்சர்" என்று அக்காக்காரி மென்றுகொண்டே ஆரம்பித்தாள். "கண்ணு தெரியாதவன்லாம் சூப்பர்வைசர். அவன் கை ரெண்டும் அழுகணும். என் தம்பி பொண்டாட்டி மகராசி இல்லன்னா நான் இன்னிக்கு நாயோட நாயா நக்கிச் சாப்பிடணும். கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டா."

முத்தெழுத்தின் கை பாதியில் நின்றது. கவளத்தைத் தட்டில் திருப்பி வைத்தாள்.

"அண்ணி, அவர் சரியாத்தான் எழுதிக் குடுத்தாரு. அடிச்சிருந்தத நான்தான் சேத்து எழுதிட்டேன்."

"என்ன சொல்ற?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது அண்ணி. பாத்து எழுதத்தான் தெரியும். சோப்பு நீர்னு நீங்க வாசிச்சது நான் எழுதினது."

அக்காக்காரி என்னைப் பார்த்தாள். இவள் என்ன உளறுகிறாள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தாள் போல. நான் தலையைக் குனிந்துகொண்டேன். முத்தெழுத்து கவளத்தை மறுபடி எடுத்து நீட்டினாள். அக்காக்காரி வாயைத் திறக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை. மிளகு வந்து, அம்மா கையிலிருந்து தட்டை வாங்கி, "அத்தை, ஆ காட்டு" என்றாள். அந்தப் பிள்ளை கொடுத்ததை அவள் சாப்பிட்டாள்.

அன்றைக்கே புருஷனுக்கும் விஷயம் போயிற்று. அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு லாரி ஷெட்டுக்குப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. வளர்த்த அக்கா ஒரு பக்கம், கட்டியவள் ஒரு பக்கம், அவன்தான் என்ன செய்வான்.

வியாழக்கிழமை காலையில் மணி அடிப்பதற்கு முன் முத்தெழுத்து பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

"நாளைக்குக் கம்பெனி ஆபீஸ்ல விசாரணை டீச்சர். போலீஸும் வருதாம். சீட்டக் கொண்டுபோய்க் குடுத்து உள்ளத உள்ளபடி சொல்லிடப் போறேன்."

"வேலை போயிடும்மா. கேஸ்கூட உன் மேல திரும்பலாம்."

"எனக்கு வாசிக்கத் தெரியாது, தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்றேன். அதுக்கு மேல அவங்க இஷ்டம். அந்த மனுசன் வீட்லயும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. ஜன்னலுக்கு அட்டை வச்சு அடைச்சிருக்காங்க, பாத்துட்டு வந்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "ஒரு உதவி. நான் சொல்றத அவங்க எழுதிக்குவாங்களாம், கடைசியில படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணுமாம். அவரு வர மாட்டேன்னுட்டாரு. எங்க வீட்ல தடுமாறாமப் படிக்கத் தெரிஞ்சவ இப்ப பாப்பா ஒருத்திதான். அவள பதினோரு மணிக்கு விட்டீங்கன்னா போதும்."

"பாப்பா மட்டும் எதுக்கு, நானே அவளயும் கூட்டிக்கிட்டு வர்றேன். நான் படிச்சுச் சொல்லாம நீ எதுலயும் கையெழுத்துப் போடாத."

"சரிங்க டீச்சர்" என்றாள். அன்றுதான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சியைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நான் உள்ளே நுழையும்போதே ஹெட்மாஸ்டர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். மேலிடத்திலிருந்து அதிகாரி வருகிறாராம், வாசிப்பையும் எழுத்தையும் ஒன்றாகக் கற்றுக்கொடுக்கிற வகுப்பைப் பார்க்க வேண்டுமாம்.

"சார், எனக்குப் பதினோரு மணிக்கு ஒரு அவசர வேலை இருக்கு."

"பத்து மணிக்கு வந்துடுவாரும்மா. அரை மணி நேரம். முடிச்சுட்டு நீங்க பறந்து போங்க, நான் தடுக்கல. அந்த மிளகுப் பொண்ணு இருக்கால்ல? அவள முன்னாடி உட்கார வைங்க."

பத்தானது. பதினொன்றானது. மிளகையாவது வாட்ச்மேனோடு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அவளைப் போல வாசிக்கிற பிள்ளை என் வகுப்பில் வேறு இல்லை. இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அன்று என்னைப் பிடித்து வைத்தது ஹெட்மாஸ்டர் இல்லை, என் ஆசை. பதினேழு வருஷம் கையெழுத்தைக் காட்டிப் பேர் வாங்கினேன், இன்றைக்கு வாசிப்பைக் காட்டிப் பேர் வாங்க வேண்டியிருந்தது.

அதிகாரி வந்தபோது பன்னிரண்டே கால். நல்ல மனிதர், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். மிளகு ஒரு வாக்கியம் சொன்னாள். "எங்க அம்மா இன்னிக்கு ஆபீஸுக்குப் போயிருக்கு." அதை எழுதினாள், ஒரு எழுத்தை அடித்துத் திருத்தினாள், கணீரென்று வாசித்தாள். அதிகாரி கைதட்டினார். வகுப்பும் கைதட்டியது. நானும் தட்டினேன்.

ஒன்றரை மணிக்கு அவளை இழுத்துக்கொண்டு கம்பெனி ஆபீஸுக்கு ஓடினேன். வாசல் பூட்டியிருந்தது. விசாரணை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள் என்றான் கேட்டில் இருந்தவன்.

வீட்டுக்குப் போனோம். முத்தெழுத்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்காக்காரி அதே சுவரில் சாய்ந்திருந்தாள். நாலு நாளாக இவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று மிளகு வழியில் சொல்லியிருந்தாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"பரவால்ல டீச்சர், உங்களுக்கு என்ன வேலையோ. எல்லாத்தையும் சொல்லிட்டேன். சீட்டயும் குடுத்துட்டேன். மனசு லேசாயிடுச்சு."

"கையெழுத்துப் போட்டியா?"

"ஒரு மணி வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன். சாப்பிடப் போகணும், சீக்கிரம்னாங்க. தன்மையாத்தான் பேசுனாங்க டீச்சர், தண்ணிகூடக் குடுத்தாங்க. போட்டுட்டேன். கடைசி வரிய மட்டும் என்னையே கைப்பட எழுதச் சொன்னாங்க. எனக்கு எழுதத் தெரியுமேன்னு தனியா ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாங்க, பாத்து எழுதினேன். என் எழுத்தப் பாத்துட்டு அந்தக் கம்பெனி வக்கீல் அசந்துட்டாரு." பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். "நகல் குடுத்திருக்காங்க. பாப்பா, வாசி. அத்தையும் கேக்கட்டும்."

நான் வாங்குவதற்குள் மிளகு வாங்கிவிட்டாள். சற்று முன் கைதட்டு வாங்கிய சூடு இன்னும் அவளிடம் இருந்தது. நிமிர்ந்து நின்று, வகுப்பில் வாசிப்பது போலவே வாசித்தாள்.

"நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுதவும் வாசிக்கவும் நன்றாகத் தெரியும். சீட்டில் சோப்பு நீர் என்பது அடிக்கப்பட்டிருந்ததை வாசித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தே அதைக் கேன்களில் எழுதினேன். சீட்டை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு எடுத்துச் சென்று மறைத்து வைத்தேன். எனக்கும் என் நாத்தனாருக்கும் வீட்டில் நெடுநாளாகச் சண்டை இருந்து வந்தது. இதில் கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை."

முத்தெழுத்து மடித்த துணியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். சுவர்ப் பக்கம் இருந்த அக்காக்காரி முகத்தைத் திருப்பினாள்.

"நமக்குள்ள எப்ப புள்ள சண்டை வந்துச்சு?" என்றாள்.

"நான் அப்படிச் சொல்லல அண்ணி. சத்தியமாச் சொல்லல."

"இரும்மா, இன்னும் ஒரு வரி இருக்கு" என்றாள் மிளகு. "இது உன் எழுத்து." விரலை வைத்து, ஒரு சொல்லும் தடுக்காமல் வாசித்தாள். "மேலே உள்ளது முழுவதையும் நானே வாசித்துப் பார்த்து, உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன்."

தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சரியா வாசிச்சேனா டீச்சர்?"

"சரியா வாசிச்ச" என்றேன்.